மூடுபனிக் காட்டின் கடற்பறவை

மார்பிள்டு மர்லெட் ஒரு கடற்பறவை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலாஸ்காவிலிருந்து நடுக் கலிபோர்னியா வரை, கரையை ஒட்டிய பசிபிக் நீரில் மிதந்தும் மூழ்கியும் மீன்பிடித்தும் வாழ்கிறது. நீளத்தில் நம்மூர் மைனாவை ஒத்தது, சுமார் 25 சென்டிமீட்டர். எடை மட்டும் மைனாவைப் போல் இரு மடங்கு, ஏறத்தாழ 220 கிராம். கட்டைக் கழுத்து, உருண்டை உடல், கொஞ்சமாகத் தெரியும் வால் என்று தண்ணீரில் மிதக்கும்போது ஒரு சிறு மரக்கட்டையைப் போலத்தான் இருக்கும். பெரும்பாலும் இரண்டிரண்டாகவே தென்படும். இனப்பெருக்கக் காலம் முடிந்த பிறகும் இந்தப் பழக்கம் பெரிதாக மாறுவதில்லை.

இது ஆக் குடும்பத்தைச் சேர்ந்தது. வடதுருவப் பக்கத்துக் கடல்களில் வாழும் பஃபின், கில்லிமாட் போன்றவை இதன் உறவினர்கள். இந்தக் குடும்பத்துப் பறவைகள் தண்ணீருக்குள் காலால் நீந்துவதில்லை. இறக்கையை அடித்து, பறப்பது போலவே செல்கின்றன. காற்றைவிட நீர் பல நூறு மடங்கு அடர்த்தியானது. அகன்ற இறக்கை அங்கே சுமையாகிவிடும். அதனால் மர்லெட்டின் இறக்கை குட்டையாகவும் ஒடுக்கமாகவும் அமைந்துள்ளது. இதற்கான விலையைப் பறவை காற்றில் கொடுக்கிறது. பருந்தைப் போல வட்டமிட்டு மிதக்க அதற்கு வழியில்லை. இறக்கையை விடாமல் அடித்துக்கொண்டு வேகமாகப் போனால்தான் விழாமல் இருக்கும். சாதாரணமாக மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் பறக்கும். 100 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. சமதரையில் இறங்கிவிட்டால் மறுபடி மேலெழும்புவது பெரும்பாடு. உயரத்திலிருந்து கீழே விழுந்து வேகம் எடுத்துக்கொள்வதே அதற்கு எளிது.

ஆக் குடும்பத்துப் பறவைகள் பெரும்பாலும் கடலோரப் பாறை விளிம்புகளிலும் தீவுகளின் வளைகளிலும் கூட்டம் கூட்டமாக முட்டையிடும். மர்லெட் எங்கே முட்டையிடுகிறது என்பதுதான் நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தின்போது, 1778இல், அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் விரிகுடாவில் இந்தப் பறவை கிடைத்தது. 1789இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் கிமெலின் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதன் பிறகு வட அமெரிக்காவின் பறவைகள் ஒவ்வொன்றாகக் கூடும் முட்டையுமாக ஆவணத்தில் ஏறின. மர்லெட்டின் கூடு என்ற இடம் மட்டும் காலியாகவே இருந்தது.

துப்பு இல்லாமல் இல்லை. குளிர்காலத்தில் இந்தப் பறவை மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாக இருக்கும். கடற்பறவைக்கு அது பொருத்தமான உடை: மேலிருந்து பார்த்தால் கருநீரோடு கலந்துவிடும், கீழிருந்து பார்த்தால் வெளிறிய வானோடு கலந்துவிடும். இனப்பெருக்கக் காலம் வந்ததும் உறவினர்களில் பலவும் இதே கறுப்பு வெள்ளையில் இருக்க, மர்லெட் மட்டும் பழுப்பும் சாம்பலுமாகப் பளிங்குக் கோடு போட்டதுபோல் மாறிவிடுகிறது. பெயரில் உள்ள மார்பிள் இதைக் குறித்ததுதான். மரப்பட்டையின் நிறம் கடலில் எதற்கும் உதவாது. காட்டுக்குள் உட்கார வேண்டிய பறவைக்குத்தான் அது தேவை. இன்று இது வெளிப்படையாகத் தெரிகிறது. அன்று அருங்காட்சியக அலமாரிகளில் இரண்டு உடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தவர்கள்கூட அதை முழுதாகப் படிக்கவில்லை.

மரம் வெட்டுகிறவர்களுக்கு இன்னும் நெருங்கிய துப்பு கிடைத்திருந்தது. கோடைக்கால விடியலில், மூடுபனி கவிந்த காட்டின் தலைக்கு மேல் கீர், கீர் என்று கடற்புள்ளின் குரல் கேட்கும். பறவை கண்ணில் படாது. அவர்கள் அதற்கு மூடுபனி வானம்பாடி என்று பெயரிட்டிருந்தார்கள். வெட்டிச் சாய்த்த மரத்தருகே அடிபட்ட பறவையும் முட்டை ஓடும் கிடந்ததும், கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே காட்டுத் தரையில் பறக்க முடியாமல் இளம் பறவை ஒன்று தவித்ததும் பதிவாகியுள்ளன. ஆனாலும் கண்ணால் கண்ட கூடு என்று ஒன்று இல்லை. 1961இல் ரஷ்யாவின் ஒகோட்ஸ்க் பகுதியில் லார்ச் மரத்தில் ஒரு கூடு கிடைத்தது. அந்த மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை: ஆசியக் கரையில் வாழ்வது நீண்ட அலகு கொண்ட தனி இனம் என்று 1990களில் பிரித்துவிட்டார்கள். 1970இல் வட அமெரிக்க மர்லெட்டின் முதல் கூட்டைக் கண்டுபிடிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று ஆடுபான் சங்கத்தின் பறவை இதழ் அறிவித்தது.

விடை வந்தது பறவையியலாளரிடமிருந்து அல்ல. கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளில் உள்ள பிக் பேசின் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில், 1974 ஆகஸ்ட் 7 அன்று, முகாம் திடலுக்கு மேலே ஆபத்தாகத் தொங்கிய கிளைகளைக் கழிக்க மரமேறும் தொழிலாளி ஒருவர் டக்ளஸ் ஃபர் மரத்தில் ஏறினார். தரையிலிருந்து சுமார் 45 மீட்டர் உயரத்தில், அகன்ற கிளையொன்றில் கால் வைக்கப் போன இடத்தில், பாசிக்குள் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. உடலெல்லாம் தூவி, நடுவில் ஓர் அலகு, தோல் விரித்த கால். பெயர் சூட்டி 185 ஆண்டுகள் கழித்து வட அமெரிக்க மர்லெட்டின் கூடு இப்படித்தான் தெரியவந்தது. பிக் பேசின் 1902இல் அமைந்த பூங்கா, கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் மூத்தது. எழுபது ஆண்டுகளாகப் பறவை ஆர்வலர்கள் உட்பட எத்தனையோ பேர் அதே மரங்களின் அடியில் கூடாரம் போட்டுத் தூங்கியிருக்கிறார்கள்.

கூடு என்று சொன்னாலும் பின்னலோ குச்சியோ அங்கே கிடையாது. பறவை எதையும் கட்டுவதில்லை. கிளையின் மேல் படிந்த பாசியிலோ மக்கிய இலைச் சருகிலோ ஒரு சிறு குழிவு, அவ்வளவுதான். கட்டும் வேலையை மரமே செய்து வைத்திருக்க வேண்டும். கிளை தடித்ததாக, கிடைமட்டமாக, மேற்புறம் மெத்தென்றிருக்க வேண்டும். மேலே இன்னொரு கிளை கூரையாகக் கவிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் வேகமாக வந்து இறங்கவும் கீழே விழுந்து கிளம்பவும் திறந்த வெளி இருக்க வேண்டும். இத்தகைய கிளையை ஆய்வாளர்கள் மேடை என்கிறார்கள். கணக்கெடுப்பு விதிப்படி அது குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமனும் தரையிலிருந்து 10 மீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். எண்ணைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். ஆனால் இளங்காட்டில் மரங்கள் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு நேராக மேலே போகின்றன. பக்கக் கிளைகள் மெல்லியவையாக இருந்து உதிர்ந்துவிடும். புயல் ஒடித்த முனை, மின்னல் பட்ட காயம், படிந்த பாசி இவற்றோடு ஒரு மரம் மேடை தாங்கும் நிலைக்கு வர 150, 200 ஆண்டுகள் சாதாரணமாக ஆகிவிடும்.

வடக்கே சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் போன்ற மரங்களில் மர்லெட் முட்டையிடுகிறது. அலாஸ்காவில் மரமில்லாத இடங்களில் தரையிலும் பாறையிலும்கூட. கலிபோர்னியாவில் அதற்குக் கிடைப்பவை டக்ளஸ் ஃபரும் கடற்கரை ரெட்வுட்டும். ரெட்வுட்டைச் செம்மரம் என்று மொழிபெயர்த்தால் தமிழில் குழப்பம் வரும். ஆந்திர எல்லையில் கடத்தலுக்குப் பேர்போன செம்மரம் வேறு. இது ஊசியிலை மரம். ஓரிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து கலிபோர்னியாவின் பிக் சர் வரை, கடலிலிருந்து சுமார் 50 கிலோமீட்டருக்குள் அடங்கிய ஒடுங்கிய பட்டையில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. உலகின் மிக உயரமான மரங்கள் இவையே. 2006இல் கண்டறியப்பட்ட ஹைப்பீரியன் என்ற மரம் 115 மீட்டரைத் தாண்டியது. 2,000 ஆண்டு கடந்தவையும் உள்ளன.

இந்த மரங்களின் உச்சி தனி உலகம். பெரிய கவைகளில் சருகு சேர்ந்து மக்கி மண்ணாகிறது. அந்த மண்ணில் பெரணி தழைக்கிறது, ஹக்கிள்பெரிச் செடி முளைக்கிறது. தரையையே தொடாமல் அங்கேயே வாழக்கூடிய சாலமாண்டரும் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் இந்த மரங்களில் ஏறத் தொடங்கிய தாவரவியலாளர் ஸ்டீவ் சிலெட்டும் அவருக்குப் பின் வந்தவர்களும் எடுத்த அளவீடுகளால்தான் இந்த விவரங்கள் வெளிவந்தன. மர்லெட்டின் குழிவு இந்த உச்சி மண்ணின் ஓரத்தில் ஒரு கையளவு இடம்.

ஒரு கோடையில் ஒரே முட்டை. வெளிறிய பச்சை நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும். பறவையின் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு வரும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. முறை மாற்றம் நாளுக்கு ஒரு தடவை, விடியலுக்கு முன்னால். இருபத்துநான்கு மணிநேரம் ஒன்று கிளையில் அசையாமல் படுத்திருக்க, மற்றது கடலில் இரை தேடும். சுமார் ஒரு மாதத்தில் குஞ்சு பொரிகிறது. அதற்குப் பின் பெற்றோர் இருவருமே பெரும்பாலான நேரம் கடலுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு தடவைக்கு ஒரே மீன், அலகில் குறுக்காகப் பிடித்தபடி. நெத்திலி வகை, ஹெர்ரிங், மணலில் புதையும் ஈட்டிமீன் என்று கிடைப்பதைப் பொறுத்தது. வாஷிங்டன் மாநிலத்தில் இந்த ஒற்றை மீனைச் சுமந்து 80 கிலோமீட்டர் உள்ளே வருவதும் அறியப்பட்டுள்ளது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து இறங்குவதால் கிளையில் பாசி தேய்ந்து ஒரு தடம் விழுந்துவிடும். குஞ்சைச் சுற்றி எச்சம் வெள்ளை வளையமாகப் படியும். ஆள் ஏறிக் கூட்டை உறுதிசெய்யும்போது முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த வளையம்தான்.

குஞ்சின் வளர்ச்சியில் ஒரு விந்தை உண்டு. முழு இறகும் முளைத்த பிறகும் மேலே மஞ்சள் பழுப்புத் தூவியைப் போர்த்திக்கொண்டே இருக்கிறது, பாசிக் கொத்தைப் போல. பறக்கப் போகும் ஒன்றிரண்டு நாளுக்கு முன் அலகாலேயே தூவியைப் பிடுங்கி உதறிவிட்டு, கறுப்பு வெள்ளை உடையில் நிற்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஒரே கிளையில் இருந்த குஞ்சு, ஒருநாள் அந்திப் பொழுதில், பெற்றோர் யாரும் வழிகாட்டாமல், கிளையிலிருந்து விழுந்து பறந்து நேரே கடலுக்குப் போகிறது. முன்பின் பறந்தறியாத பறவைக்கு முதல் பயணமே பல கிலோமீட்டர். வழியில் தவறித் தரையில் விழுந்தால் பெரும்பாலும் முடிவுதான்.

இப்படிப்பட்ட பறவையைக் காண்பது என்பது பெரிதும் காதால் காண்பது. பசிபிக் கடற்பறவைக் குழு வகுத்த முறைப்படி கணக்கெடுப்பவர் சூரியன் உதிப்பதற்கு 45 நிமிடம் முன்பே காட்டில் தன் இடத்தில் இருக்க வேண்டும். உதித்து 75 நிமிடம் கழியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம்வரை இந்த வேலை நடக்கும். மரங்களிடையே வானம் கொஞ்சம் திறந்திருக்கும் இடமாகப் பார்த்து, தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வதே வசதி. இரண்டு மணிநேரம் அண்ணாந்து நின்றால் கழுத்து தாங்காது. கண்ணை வானத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பதால் கண்டதையும் கேட்டதையும் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிக்கொண்டே போவார்கள்: நேரம், திசை, குரலா உருவமா, எத்தனை, மர உச்சிக்கு மேலா கீழா.

கடைசிக் கேள்விக்குத்தான் எடை அதிகம். உச்சிக்கு மேலே கூவிக்கொண்டு போகும் பறவை வேறு எங்கோ போகலாம். கிளைமட்டத்துக்குக் கீழே, மரத் தண்டுகளின் ஊடே, சத்தமில்லாமல் அம்பாகப் போகும் பறவை அந்தக் காட்டில் குடியிருக்கிறது என்று பொருள். அந்த ஒற்றைப் பார்வை ஒரு நொடிகூட நீடிக்காது. சில சமயம் பறவை மேலிருந்து செங்குத்தாகப் பாயும்போது இறக்கையில் காற்று கிழிந்து ஜெட் விமானம் போல ஓர் இரைச்சல் எழும். முதல் தடவை கேட்பவர் குனிந்துவிடுவது உண்டு. இருட்டில் வருபவற்றை எண்ண ஆற்றுப் பள்ளத்தாக்கின் வாயில் கப்பல் ரேடாரை வைத்தும் பார்க்கிறார்கள். திரையில் வேகத்தை வைத்தே மர்லெட்டை அடையாளம் காணலாம். மொத்த எண்ணிக்கையோ காட்டில் அல்ல, கரையோரமாகப் படகு ஓட்டிக் கடலில்தான் மதிப்பிடப்படுகிறது. வாஷிங்டன், ஓரிகன், கலிபோர்னியா மூன்றிலும் சேர்த்து சுமார் 20,000 என்ற அளவில் அந்த மதிப்பீடுகள் நிற்கின்றன. சான்டா குரூஸ் மலைகளில் இருப்பவை சில நூறு மட்டுமே. இனத்தின் பெரும்பகுதி அலாஸ்காவில் உள்ளது.

கடலையும் மரத்தையும் பறவை மட்டும் இணைக்கவில்லை. வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று கலிபோர்னியக் கரையை ஒட்டி வீசுகிறது. பூமியின் சுழற்சியால் மேல்நீர் கரையை விட்டு விலகிச் செல்ல, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதோடு ஊட்டச்சத்துகளும் வருவதால் நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்னும் சிறு உயிர்கள் பெருகுகின்றன, மீன் பெருகுகிறது. அதே குளிர்நீரின் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகித் தரைக்குள் நகர்கிறது. அந்தக் கரையில் கோடையில் மழை அநேகமாக இல்லை. ரெட்வுட் ஊசிகளில் மூடுபனி நீர்த்துளியாகத் திரண்டு வேரடியில் சொட்டுகிறது. இலைகளும் நேரடியாக உறிஞ்சுகின்றன. ரெட்வுட் காட்டுக்கு ஓராண்டில் வந்து சேரும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூடுபனியிலிருந்து என்று ஆய்வாளர் டாட் டாசன் 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பறவைக்கு மீனும் மரத்துக்கு நீரும் ஒரே குளிர்நீர் ஊற்றிலிருந்து வருகின்றன. ரெட்வுட் ஏன் கரையைவிட்டு உள்ளே போகவில்லை என்பதற்கும், மர்லெட்டின் கூட்டு மரமும் இரைக்கடலும் எப்படி அருகருகே அமைந்தன என்பதற்கும் விளக்கம் இங்கேதான் தொடங்குகிறது. இந்த மூடுபனியும் நிலையானதல்ல. விமான நிலையப் பதிவுகளை வைத்து டாசனும் ஜேம்ஸ் ஜான்ஸ்டனும் 2010இல் கணித்ததில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் மூடுபனி நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

கடல் பக்கத்தின் கதையைப் பழைய இறகுகள் சொல்லின. கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் நூறாண்டுக்கு முன் சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த மர்லெட் இறகுகளையும் இன்றைய பறவைகளின் இறகுகளையும் ஐசோடோப்பு முறையில் ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வந்தது. பறவை முன்பு கொழுத்த மத்தி போன்ற மீன்களை அதிகம் தின்றது. இப்போது கிரில் போன்ற சிறு உயிர்களால் வயிற்றை நிரப்ப வேண்டியிருக்கிறது என்று அது காட்டியது. மாண்டரேயின் மத்தி மீன்பிடித் தொழில் 1940களின் பிற்பகுதியில் சரிந்தது தெரிந்த வரலாறு. ஒரு தடவைக்கு ஒரு இரை மட்டுமே சுமக்கக்கூடிய பறவைக்கு, அந்த இரை சிறுத்துப்போனால் கூட்டுக்குப் போய்வரும் செலவே கட்டுப்படியாகாது.

காட்டுப் பக்கத்தின் இழப்பு இன்னும் பெரியது. 1849இன் தங்க வேட்டைக்குப் பிறகு ரெட்வுட் வெட்டு பெருகியது. 1906 நிலநடுக்கத்துக்குப் பின் சான் பிரான்சிஸ்கோ மீண்டும் எழும்பியதும் பெருமளவு இந்த மரத்தில்தான். ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கராக இருந்த முதுகாட்டில் இன்று எஞ்சியது 5 சதவீதம் அளவே. அந்த எஞ்சிய துண்டுகளிலும் காக்கை இனம் வந்து சேர்ந்தது. நீலச் சிறகும் கருங்கொண்டையும் கொண்ட ஸ்டெல்லர் ஜேயும், அண்டங்காக்கையைவிடப் பெரிய ரேவனும் காட்டு ஓரங்களில் வாழ்பவை. முகாம் திடலில் சிந்தும் ரொட்டித்துண்டும் சிப்ஸும் அவற்றை முதுகாட்டுக்குள் குடியேற்றிவிட்டன. அவற்றுக்கு மர்லெட் முட்டை போகிறபோக்கில் கிடைக்கும் பலகாரம். முதல் கூடு கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு முகாம் திடலுக்கு மேலே என்பது இங்கே நினைவுக்கு வராமல் போகாது.

பூங்காக்கள் ஒரு துணுக்குகூடச் சிந்தக் கூடாது என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டன; விலங்கு திறக்க முடியாத குப்பைத்தொட்டிகளை வைத்தன. இன்னொரு வழி கொஞ்சம் குறும்பானது. சிறு கோழிமுட்டைக்கு மர்லெட் முட்டையின் பச்சையும் புள்ளியும் தீட்டி, உள்ளே வாந்தி வரவழைக்கும் கார்பகால் என்ற மருந்தை ஏற்றி, கிளைகளில் வைத்தார்கள். தின்ற ஜே சில நிமிடத்தில் கக்கிவிடும், சாகாது. அதன் பிறகு அந்த நிற முட்டையை அது தொடத் தயங்கும். ஜேக்கள் தங்கள் எல்லைக்குள் பிற ஜேக்களை எளிதில் விடுவதில்லை என்பதால், கொல்வதைவிடப் பாடம் கற்ற ஜேயை அங்கேயே விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

1992இல் வாஷிங்டன், ஓரிகன், கலிபோர்னியா மாநிலங்களின் மர்லெட்டுகள் அமெரிக்கச் சட்டத்தின்கீழ் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டன. கலிபோர்னியா தன் சட்டத்தில் அழியும் நிலையிலுள்ள இனம் என்று ஒரு படி மேலே வைத்தது. அடுத்து ஹம்போல்ட் மாவட்டத்தின் தனியார் முதுகாடு ஒன்றை வெட்டுவது பற்றி வழக்கு வந்தபோது, வாதிகளின் பட்டியலில் முதல் பெயராக மார்பிள்டு மர்லெட்டே இருந்தது. 1995இல் கூட்டரசு நீதிமன்றம் பறவைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்கின் மையம் விடியல் கணக்கெடுப்புக் குறிப்புகள்தான்: கிளைமட்டத்துக்குக் கீழே பறந்ததா, இல்லையா. 1999இல் கூட்டரசும் மாநில அரசும் 38 கோடி டாலர் கொடுத்து அந்தப் பகுதியில் சுமார் 7,500 ஏக்கர் காட்டை வாங்கின. அது இன்று ஹெட்வாட்டர்ஸ் காட்டுக் காப்பிடம்.

2020 ஆகஸ்டில் மின்னல் பற்றவைத்த தீ பிக் பேசின் பூங்காவை அநேகமாக முழுவதும் எரித்தது. ரெட்வுட்டின் பட்டை தடித்தது, பிசின் குறைந்தது. உள்ளே உறங்கும் மொட்டுகளும் உண்டு. சில மாதங்களில் கரிபடிந்த தண்டுகளில் அடியிலிருந்து நுனிவரை பச்சைத் துளிர் பொசுபொசுவென்று கிளம்பியது. தூரத்திலிருந்து பார்த்தால் குழாய் கழுவும் தூரிகையைப் போலிருந்தன. டக்ளஸ் ஃபருக்கு அந்தத் திறன் இல்லை. பெரிய மரங்கள் பல நின்றபடியே செத்தன. உயிர்பிழைத்த ரெட்வுட்டுகளிலும் பழைய அகன்ற கிளைகள் உதிர்ந்துவிட்டன. புதிய துளிர்கள் பென்சில் தடிமனில்தான் இருந்தன. மேடை என்று பதிவாக அவை 10 சென்டிமீட்டர் தடிக்க வேண்டும், அதன் மேல் பாசியும் சருகும் படிய வேண்டும்.